வீட்டிலிருக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பாடம் சொல்லும் விதம்

2020 மார்ச்சில், ஒன்றாம் வகுப்பு முடிகிற நேரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகள் மறுபடி திறந்த 2021 நவம்பர் 1 அன்று மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. இரண்டாம் வகுப்பு என்ற ஒரு முழு ஆண்டை அது பள்ளிக்கூடத்துக்குள் இருந்து பார்க்கவே இல்லை. காவிரிப் பாசன ஊர்களில் இது கொரோனாவோடு முடிந்துபோன சங்கதியும் அல்ல. 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறிய பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. 2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டபோது நாதல்படுகை, முதலைமேடு திட்டு போன்ற படுகை ஊர்களின் மக்கள் முகாமுக்குப் போனார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை விடுமுறையைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, பிள்ளை வீட்டில் முடங்கும் நாட்களில் பள்ளிக்கூடம் என்ன செய்ய முடியும் என்பதை டெல்டாவில் ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இதைத் தொலைவழிக் கற்றல் என்கிறார்கள். பேரைக் கேட்டதும் கைப்பேசியும் ஆன்லைன் வகுப்பும்தான் நினைவுக்கு வரும். அவை அதில் ஒரு பகுதி மட்டுமே.

தொலைவழிக் கற்றலில் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். பிள்ளை செய்யவேண்டிய வேலை ஆசிரியரிடமிருந்து வீட்டுக்குப் போகவேண்டும். பிள்ளை செய்தது ஆசிரியரிடம் திரும்பி வரவேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஆசிரியர் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு பதில் சொல்லவேண்டும். வாட்சப் குரூப்பில் ஒரு வீடியோவைப் போட்டுவிட்டால் முதல் காரியம் மட்டும் முடிகிறது. மற்ற இரண்டும் நடக்காத இடத்தில், பாடம் அனுப்பிய கணக்கு இருக்கும், பிள்ளை கற்றிருக்காது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதெல்லாம், அந்த மற்ற இரண்டையும் ஒரு சின்ன ஊர்ப் பள்ளி எப்படி நடத்தலாம் என்பதைப் பற்றித்தான்.

கைப்பேசி எந்நேரம் வீட்டில் இருக்கும்?

பத்தாம் வகுப்பு மாணவரிடம் ஒரு பாடத்தைப் படித்துவிட்டு வரச் சொல்லலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. எழுத்துக்கூட்டிப் படிப்பதையே அது இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறது. பென்சில் பிடிப்பது, வரிக்குள் எழுதுவது, பத்து நிமிடம் ஒரே இடத்தில் உட்காருவது எல்லாமே அந்த வயதில் பாடம்தான். பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் எந்தத் திரையும் இதைச் சொல்லித்தராது. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல்கள்கூட, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு நேரலை வகுப்புக்கு மேல் வேண்டாம் என்றே சொல்லின. ஒன்றாம் வகுப்புக்கு அதுவே அதிகம் என்பது என் எண்ணம்.

அந்தப் பெரியவர் எப்போது வீட்டில் இருக்கிறார் என்பது அடுத்த கேள்வி. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் மேட்டூர் அணை ஜூன் 12 அன்றே திறந்தது. ஊரடங்கிலும் வயல் வேலைக்குத் தடை இல்லை. குறுவை நடவுக்கு விடியற்காலையில் கிளம்பும் அம்மா மதியத்துக்கு மேல்தான் திரும்புவார். வீட்டில் ஒரே கைப்பேசி என்றால் அது அப்பாவோடு வெளியே போய்விடும். பிள்ளையோடு இருப்பவர் அப்பாயி. காலை பத்து மணிக்கு நேரலை வகுப்பு வைத்தால் அங்கே யார் வருவார்கள்?

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும், வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பொருளியல் அறிஞர் ஜான் திரேஸ் உள்ளிட்டோர் அதை ஒருங்கிணைத்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 விழுக்காடு. படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 37 விழுக்காடு. ஆன்லைன் வகுப்பை மட்டும் நம்பினால் யாரெல்லாம் விடுபட்டுப் போவார்கள் என்பதை இதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை.

அதனால் பள்ளியின் முதல் வேலை ஒரு நோட்டுப் போடுவது. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். வீட்டில் இருப்பது ஸ்மார்ட்போனா, பட்டன் போனா? யாருடையது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்? டிவி ஓடுகிறதா? வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார்? பக்கத்து வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் அக்கா இருக்கிறாரா? கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் பலவும் இப்படிப்பட்ட ஈராசிரியர் பள்ளிகள்தான். ஒருவருக்கு 30 வீடு என்பது இரண்டு மூன்று நாளில் விசாரித்து முடிக்கிற வேலை.

நோட்டு முடிந்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும்: ஒரே கைப்பேசிக்கு இரண்டு, மூன்று பிள்ளைகள். மூத்தது உயர்நிலைப் பள்ளியில் படித்தால் பகல் வகுப்புக்கு அதுவே போனை எடுத்துக்கொள்ளும். கடைமடையில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதைப் போல இதற்கும் ஒரு முறை போட்டாகவேண்டும். தொடக்கப் பள்ளி இரவு ஏழு மணிக்கு மேல் உள்ள நேரத்தை எடுத்துக்கொள்வது நல்லது. நேரலையாக இல்லாமல் குரல் பதிவாக அனுப்பினால், போன் வந்த நேரத்தில் பிள்ளை கேட்டுக்கொள்ளும். டேட்டாவும் வீடியோ அளவுக்குத் தீராது.

பாடம் எந்த வழியில் போகிறது?

டிவி ஒரு வழி. தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்றே, அதாவது கொரோனாவுக்கு முன்பே தொடங்கியது. அதன் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. இன்னொன்று, பாடநூலில் அச்சிட்டிருக்கும் கியூஆர் கோடு. அதைத் திக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். இரண்டுமே நன்றாகத் தயாரிக்கப்பட்டவை. ஆனாலும் டிவியில் பேசும் ஆசிரியருக்கு உங்கள் பிள்ளை புரிந்துகொண்டதா என்று தெரியாது. பார்த்த பாடத்தைப் பற்றி வகுப்பாசிரியர் மறுநாள் ஒரு கேள்வி கேட்டால்தான் அந்த அரை மணி நேரம் பிள்ளையிடம் தங்கும்.

பட்டன் போன் உள்ள வீட்டுக்கு நேரடியாகப் பேசலாம். ஓர் ஆசிரியர் மாலைக்கு ஐந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் ஆறு மாலையில் முப்பது பேரிடமும் பேசிவிடலாம். வாரம் ஒருமுறை, பிள்ளைக்கு நான்கைந்து நிமிடம். "பாப்பா, சாப்பிட்டியா? நேத்து குடுத்த கதைய ஒரு தடவ படிச்சுக் காட்டு" என்று டீச்சர் கேட்டால், அடுத்த நாள் போன் வராத நாளிலும் பிள்ளை புத்தகத்தை எடுக்கும். டீச்சர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்பது அந்த வயதில் சின்ன விஷயம் அல்ல.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது தாளைத்தான். பயிற்சித்தாளுக்குச் சிக்னல் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், கஜா போல ஒரு புயல் அடித்த வாரத்திலும் அது வேலை செய்யும். பள்ளி மூடியிருந்த மாதங்களில் சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு போன்ற உலர் பொருட்களைப் பெற்றோர் வந்து வாங்கிப்போனார்கள். முட்டையும் தந்தார்கள். அப்படிப் பெற்றோர் பள்ளி வாசலுக்கு எப்படியும் வரும் நாளில் புதிய தாளைக் கொடுத்து, பிள்ளை எழுதிய பழைய தாளை வாங்கிக்கொண்டால் தனியாக ஓர் அலைச்சல் இல்லை.

ஒரு தாளில் என்ன இருக்கவேண்டும்?

பாடநூலின் பக்கத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துத் தருவது பயிற்சித்தாள் ஆகாது. வீட்டில் இருக்கும் பொருளை வைத்து, படிக்கத் தெரியாத பெரியவர்கூடக் கூட இருந்து பார்க்கும்படியான வேலையாக அது இருக்கவேண்டும். கழித்தலை எடுத்துக்கொள்வோம். 43இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். '3இலிருந்து 7 போகாது, பக்கத்தில் ஒன்று கடன் வாங்கு' என்று வாயால் சொன்னால், கடன் என்றால் என்னவென்று பிள்ளைக்குத் தெரியாது.

நம் ஊரில் ஈர்க்குச்சிக்குப் பஞ்சம் இல்லை. பழைய விளக்குமாற்றிலிருந்து குச்சிகளை உருவி, ஒரே அளவாக ஒடித்துக் கழுவி வைத்துக்கொள்ளட்டும். பத்துப் பத்தாக எண்ணி நூலால் கட்டினால் ஒரு கட்டு ஒரு பத்து. நான்கு கட்டு, மூன்று தனிக் குச்சி, ஆக 43. இதிலிருந்து ஏழு தனிக் குச்சி எடுக்கவேண்டும், கையில் மூன்றுதான் இருக்கிறது. ஒரு கட்டை அவிழ்த்தால் தனிக் குச்சி பதின்மூன்று ஆகும். ஏழை எடுத்தால் ஆறு மீதி. அவிழ்த்தது போக இருக்கும் மூன்று கட்டில் ஒன்றை எடுத்தால் இரண்டு மீதி. விடை 26. நூலை அவிழ்த்த பிள்ளைக்குக் கடன் வாங்குவது என்னவென்று கை வழியாகவே விளங்கிவிடுகிறது. அப்பாயி எழுத்தறியாதவராக இருந்தாலும் குச்சியை எண்ணுவதில் எந்த ஆசிரியருக்கும் குறைந்தவர் இல்லை.

சூழ்நிலையியலுக்கும் இப்படித்தான். வீட்டுத் திண்ணையிலிருந்து தெரியும் மரங்களை எழுது, சமையலுக்கு வந்த கீரைகளின் பெயரைக் கேட்டு எழுது, அம்மாவிடம் நாற்றங்காலிலிருந்து அறுப்பு வரை என்னென்ன வேலை என்று கேட்டு வரிசைப்படுத்து. ஒரே ஓர் எச்சரிக்கை: ஆற்றில் தண்ணீர் வந்திருக்கும் மாதங்களில் வாய்க்கால், குளம், மதகுப் பக்கம் பிள்ளையை அனுப்பும் வேலையைத் தாளில் போடவே கூடாது. பெரியவர் கூட வருவார் என்று நம்பியும் போடக்கூடாது.

திரும்பி வந்த தாள்

தாள் திரும்பி வந்ததும் சரி, தப்பு என்று போட்டு மதிப்பெண் எழுதிவிட்டால் பாதி வேலைதான். ஒரு பிள்ளை 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 14. இந்த 26 எங்கிருந்து வந்தது? பிள்ளை 8இலிருந்து 2ஐக் கழித்து 6 போட்டது. 5இலிருந்து 3ஐக் கழித்து 2 போட்டது. பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிப்பதுதான் கழித்தல் என்று அது நம்புகிறது. கவனக்குறைவு இல்லை, தெளிவாக யோசித்துத்தான் செய்திருக்கிறது, யோசித்த விதிதான் தவறு. "தம்பி, இத எப்படிப் போட்டே, சொல்லு பாப்போம்" என்று போனில் கேட்டால் அது அப்படியே சொல்லிவிடும். அடுத்த தாளில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஈர்க்குச்சியோடு நான்கு கணக்கு கூடுதலாகப் போகவேண்டும். ஆசிரியரின் பதில் என்று முன்பு நான் சொன்னது இதைத்தான்.

படிப்புக்கும் இப்படி ஒரு வழி உண்டு. பிள்ளை ஐந்தாறு வரியை உரக்கப் படிப்பதை அம்மாவோ அக்காவோ குரல் பதிவாக அனுப்பட்டும். ஒரு நிமிடம் கேட்டாலே அனுபவமுள்ள ஆசிரியருக்கு நிறையத் தெரியும். 'ம... ர... ம்' என்று எழுத்தெழுத்தாகப் போகிறதா, சொல்லாகப் படிக்கிறதா? ஒற்றெழுத்து வரும் இடத்தில் தயங்குகிறதா? 'வாழை'யை 'வாளை' என்று படித்தால் அது பேச்சுப் பழக்கம், பொறுமையாகத் திருத்திக்கொள்ளலாம். 'மரம்', 'மறம்' என்ற எழுத்துகளே குழம்பினால் அதற்கு உடனே பயிற்சி வேண்டும். சில பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்துவிடும். கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

பதில் சொல்லும்போது ஒன்றைப் பாராட்டி, ஒன்றைத் திருத்தினால் போதும். அதையும் அந்த வீட்டுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். எல்லாரும் பார்க்கும் குரூப்பில் ஒரு பிள்ளையின் தவறைப் போடுவது எனக்கு ஒப்பாத காரியம். அடுத்த வாரம் அந்த வீட்டிலிருந்து எதுவுமே வராது.

பெற்றோரிடம் பள்ளி என்ன கேட்கலாம்?

நீங்களே பாடம் நடத்துங்கள் என்று கேட்பது நியாயம் அல்ல. "எனக்கே ஒண்ணும் தெரியாதே டீச்சர், நான் எங்க சொல்லிக்குடுக்கிறது?" என்று கூசி நிற்கும் அம்மாக்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் பள்ளி கேட்கவேண்டியது மிகக் கொஞ்சம். ஒரு நாளில் அரை மணி நேரம், டிவி ஓடாத ஓர் இடம், பிள்ளை படிப்பதைக் கேட்க ஒரு காது. படித்த கதையைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்வதைக் கேட்க எழுத்தறிவு வேண்டியதில்லை. 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று ஒரு கேள்வி போட்டால் போதும்.

பிள்ளைக்கு வராததைப் பெரியவர் எழுதிக்கொடுத்துத் தாளை நிரப்பி அனுப்பவேண்டாம் என்பதையும் பள்ளி தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தவறோடு வரும் தாள்தான் ஆசிரியருக்குப் பயன்படும். அடியும் வேண்டாம். படிப்பு நேரம் அடி வாங்கும் நேரமாகிவிட்டால் பிள்ளை பள்ளி திறந்த பிறகும் புத்தகத்துக்குப் பயப்படும்.

வாராந்திரப் பேச்சில் படிப்பைத் தாண்டியும் கேட்கவேண்டும். பிள்ளை சாப்பிடுகிறதா, முகம் வாடியிருக்கிறதா, ஆடு மேய்க்கவோ வேறு வேலைக்கோ போய்விட்டதா என்பதெல்லாம் முதலில் தெரிய வருவது வகுப்பாசிரியருக்குத்தான். டெல்டாவில் பல பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பது ஒருவேளைச் சோறும்கூட. 1982 முதல் சத்துணவு, 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகை மாவட்டம் திருக்குவளையில் தொடங்கி வைத்த விரிவாக்கத்துக்குப் பிறகு காலை உணவும் சேர்ந்துகொண்டது. பள்ளி மூடினால் இரண்டு வேளை போகிறது. பசித்த பிள்ளையிடம் பயிற்சித்தாளைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்கவேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098, படிப்பு தொடர்பான உதவிக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417. இந்த இரண்டு எண்களையும் தாளின் கீழே அச்சிட்டுத் தரலாம்.

மாற்றுத்திறன் பிள்ளைகளில் பள்ளிக்கு வர இயலாதவர்களுக்கு, சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடு கொரோனாவுக்கு வெகு முன்பிருந்தே இருக்கிறது. வீட்டில் இருக்கும் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அறிந்த அவர்களிடம் மற்ற ஆசிரியர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

ஆசிரியர் எல்லா வீட்டுக்கும் போக முடியாது என்பதும் உண்மைதான். 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் அந்த இடைவெளிக்காக வந்தது. ஊரிலேயே படித்த ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், மாலை ஐந்து மணிக்கு மேல் இருபது பிள்ளைகளைத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ உட்காரவைத்துச் சொல்லித்தந்தார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அந்தத் தன்னார்வலர்கள் பலரும் இன்றைக்கும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். வகுப்பாசிரியரின் நோட்டில் அவர்களுடைய பெயரும் எண்ணும் இருக்கட்டும்.

பள்ளி திறந்த பிறகும், அடுத்த மழைக்கு முன்பும்

நீண்ட இடைவெளிக்குப் பிறகு பிள்ளை திரும்பி வந்ததும், விட்ட பாடத்திலிருந்து ஓட்டமாக ஓடுவது பெரிய தவறு. முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் ஐந்து நிமிடம் தனியாக உட்காரவைத்து, என்ன படிக்க முடிகிறது, எவ்வளவு எண்ண முடிகிறது என்று பார்க்கவேண்டும். 2022 ஜூன் 13 அன்று தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. வகுப்பு எதுவாக இருந்தாலும், பிள்ளை இப்போது இருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அங்கிருந்து தொடங்குகிறார்கள். வீட்டிலிருந்து வந்த தாள்களும் குரல் பதிவுகளும் பத்திரமாக இருந்தால் இந்தப் பிரிப்பு பாதி முடிந்த மாதிரி.

மழைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். மழை விடுமுறை ஒரு நாளா, ஒரு வாரமா என்று முன்கூட்டித் தெரியாது. அறிவிப்பு வரும் நேரத்தில் கரண்ட் இருக்காது, கைப்பேசியில் சார்ஜ் இருக்காது. அதனால் புரட்டாசி முடிவதற்குள் பிள்ளைக்கு ஒரு மழைப் பை தயாராகிவிட வேண்டும். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் பத்துப் பயிற்சித்தாள், படிக்க நான்கு கதை அட்டை, ஒரு பென்சில், ரப்பர், ஈர்க்குச்சிக் கட்டு. தாள்களுக்கு நாள், தேதி போடவேண்டாம், ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் போட்டால் எந்த நாள் விடுமுறை வந்தாலும் விட்ட இடத்திலிருந்து எடுக்கலாம். பழைய பாடத்தை மறக்காமல் இருக்கும்படியான வேலைகளே அதில் போதும். புதுப் பாடம் வேண்டாம்.

வெள்ளக் காலத்தில் பள்ளிக் கட்டிடமே நிவாரண முகாம் ஆகிவிடுவது இங்கே வழக்கம். மழை விட்ட பிறகும் சில நாள் வகுப்பறையில் குடும்பங்கள் தங்கியிருப்பார்கள். அந்த நாட்களில் ஆசிரியர் எந்த இடத்தில் உட்கார்ந்து தாளை வாங்குவார், கோயில் மண்டபத்திலா, நூலகத்திலா, மேட்டுத் தெருவில் யாராவது வீட்டுத் திண்ணையிலா என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்பே பேசி முடித்து, மழைப் பையின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதிவிடலாம்.